கானல் ஏறும்வரை

என் வலது தோளில், கழுத்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், தோல் கொஞ்சம் தடித்துப் போயிருக்கிறது. குடம் தூக்கி வந்தது இல்லை. லென்சு வைத்து வைத்து வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். ரிட்டையர் ஆன பிறகு வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. கப்பலில் வேலை செய்கிற எங்கள் மகன் ஒரு லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு கேமராவும், கை நீளத்துக்கு ஒரு லென்சும் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்த லீவில் சின்ன டப்பி மாதிரி இன்னொன்று கொண்டுவந்தான். கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவில் மாட்டுவது. டெலி கன்வெர்ட்டர் என்று பேராம். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் ஒட்டு. "ஒட்டு எட்த்து வெச்சியாமே?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் செருப்பு மாட்டுவார்.

ஒட்டுப் போட்டால் தூரத்துப் பறவை ரெண்டு மடங்கு கிட்டே வந்துவிடும். அது மட்டும் வந்தால் பரவாயில்லை, கையில் இருக்கிற ஆட்டமும் ரெண்டு மடங்காக வரும். வெளிச்சம் குறைந்துபோகும். பறவையைப் பிடிக்கத் தெரியாமல் லென்சு முன்னாடியும் பின்னாடியும் தேடிக்கொண்டே இருக்கும், கண்ணாடியைத் தொலைத்தவர் மாதிரி. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. அவர் கூட்டாளிகளோடு பேசுவதைக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர்ப் பக்கமும் வள்ளூர்ப் பக்கமும் உப்பங்கழியோரமாக கேமராவோடு சுற்றுகிற ஒரு கூட்டம் அது. அதில் ஒருத்தர், "ஒட்டு சுத்த டுபாகூர், பேசாம கிட்ட போய் எடுக்கணும்" என்பார். இன்னொருத்தர், "கிட்ட போனா பறந்துடுமேப்பா, உன் மூஞ்சியப் பாத்தா நானே பறந்துடுவேன்" என்பார். வாராவாரம் இதே சண்டைதான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ரிட்டையர் ஆவதற்கு முன்பே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கிரேன் கொக்கியை அந்தரத்தில் ஆடாமல் நிறுத்தி வைத்த கை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் எடுக்கிற படம் எல்லாம் கலங்கலாக வரும். கூட்டாளிகள், "அண்ணன் படத்துல மட்டும் பறவைக்கு எல்லாம் குளிர் ஜுரம்" என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து கேமராவை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கொள்வார்.

மூணு கால் ஸ்டாண்டு ஒன்று வாங்கிப் பார்த்தார். வள்ளூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று போனால் தரையே அதிரும், ஸ்டாண்டும் சேர்ந்து அதிரும். கீழே சேற்றில் வைத்தால் ஒரு கால் உள்ளே போய்விடும். அப்படி ஒரு நாள் ஸ்டாண்டைப் பிடுங்கிக் கழுவுகிறவரைக்கும் லென்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தோளில் வைத்தார். வைத்தவர் அப்படியே குனிந்து பார்த்தார். "த, அப்டியே நில்லு" என்றார். அன்றைக்கு எடுத்த படத்தில் ஒரு நீர்க்காகத்தின் மூக்கு நுனியில் தொங்கின சொட்டுத் தண்ணீர்கூடத் தெரிந்ததாம்.

நான் அசையாமல் நிற்பேன். அது எனக்குச் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. ராயபுரத்தில் அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கேள்வி கேட்க ஆள் தேடும்போது அவர்கள் கண்ணில் படாமல் இருக்க ஒரே வழி அசையாமல் இருப்பது. தலையைக் குனிந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். சுவரில் மாட்டின படம் மாதிரி இருக்க வேண்டும். படிப்பு வந்ததோ இல்லையோ, அது நன்றாக வந்தது.

அதிலிருந்து நான்தான் ஸ்டாண்டு. துண்டை நாலாக மடித்து என் தோளில் வைப்பார். அதன்மேல் லென்சு. அவர் பின்னால் நின்று என் காதோடு காதாகச் சாய்ந்து பார்ப்பார். "மூச்ச வுடு. வுட்டியா? இப்ப இழுக்காதே." அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி தடதடவென்று சத்தம். முடிந்ததும் நான் மூச்சு இழுத்துக்கொள்ளலாம். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் எனக்குத் தன்னால் கால் நகரும். உடனே அதட்டுவார். "ஒதுங்காதேமே. ஒதுங்கினா படம் போச்சு." எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சொல் ஒரு கேமராச் சொல்லாகவே ஆகிவிட்டது. பிற்பாடு வந்த வினைக்கு அதுதான் காரணம்.

பறவைக்கு அவரைவிட நான்தான் ஒரு முழம் கிட்டே நிற்பேன். ஆனால் நான் ஒன்றும் பார்த்ததில்லை. எனக்கு ஒரு கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று ஆகவேண்டும். தண்ணீர் ஒரு வெள்ளைப் பட்டை, நடுவில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுதான் பறவை என்று நம்பிக்கொள்வேன். எடுத்த படத்தைக் காட்டு என்று நான் கேட்டதில்லை. அவருக்கும் காட்டத் தோன்றியதில்லை.

ஒரே ஒரு தடவை பார்த்தேன். கூட்டாளி ஒருத்தர் கேமராவை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பறவைக்குப் பின்னால் அக்கரையில், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற ஒரு பெண். படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி, "தோ பாரு, மூக்குத்திகூட சும்மா கத்தி மாரி விழுந்துகீது" என்றார். மூக்குத்தி மட்டும் இல்லை. நனைந்த ரவிக்கையில் ஊக்கு குத்தியிருந்த இடம்கூடத் தெரிந்தது. அப்புறம் அவர் அதை அழித்துவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவ்வளவு தூரத்தில் இருந்து ஒருத்தர் தன் ஊக்கைப் பார்த்துவிட்டுப் போனது அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. இதை நான் வீட்டில் துணி மடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்ல வந்தது தை மாசத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

குளிர் காலத்தில் விரால் அடிப்பான் என்று ஒரு பருந்து வெளியூரிலிருந்து வந்து கழியில் தங்கும். உப்புத் தண்ணீரில் விரால் ஏது? அது அடிக்கிறது எல்லாம் மடவைதான். பேர் வைத்தவர் மீன் மார்க்கெட் பக்கம் போகாதவராக இருக்க வேண்டும். வள்ளூர் ரோட்டோரம் தண்ணீரில் நட்டு விட்டுப்போன ஒரு பழைய கம்பத்தில் அது தினமும் உட்கார்ந்து மீன் தின்கிறது என்று அவருக்குத் துப்புக் கிடைத்துவிட்டது. அதன் மஞ்சள் கண் தெளிவாக விழுந்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கூட்டாளிகள் எல்லாரும் அக்கரையில் போய் உட்கார்ந்து எடுப்பதாக ஏற்பாடு. இவருக்குச் சேற்றில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ரோட்டிலிருந்தே எடுக்கிறேன் என்றார்.

எங்கள் சந்தில் ஆட்டோ ஓட்டுகிற பையன் ஒருத்தன், கல்யாணம் ஆகிக் குழந்தை இருக்கிறவன், அவன் ஆட்டோவில் விடியும் முன்னே கிளம்பினோம். திரும்பி வந்து நேராக மாதா கோயிலுக்கு ரெண்டாம் பூசைக்குப் போவதாக நான் அவரிடம் உறுதி வாங்கியிருந்தேன். அதனால் வழக்கமாகக் கட்டுகிற மண் நிறப் புடவையை விட்டுவிட்டு, கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட புடவை கட்டியிருந்தேன். "பறவ மெர்சலாயிடும்மே" என்று முனகினார். மேலே ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொள்ளச் சொன்னார்.

எனக்குப் பிரஷருக்கு ஒரு நீர் மாத்திரை உண்டு. போட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி மறுபடி எழுந்து போகவேண்டி வரும். லென்சு தூக்குகிற நாளில் அதை வீட்டுக்கு வந்துதான் போடுவேன், அவருக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு ஆட்டோவில் போகும்போது சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினார். "நீ மறந்துட்டே பாரு. நான் ஞாபகமா எட்த்துகினு வந்தேன்." அவ்வளவு அக்கறையாகத் தண்ணி பாட்டிலையும் திறந்து கொடுத்தார். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அந்த ரோடு தண்ணீருக்கு நடுவே மேடு கட்டிப் போட்ட ரோடு. கண்டெய்னர் லாரிகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்றிருந்தன. ஆட்டோக்காரன் ஓரமாக இடுக்கில் நுழைந்து நுழைந்து போனான். கம்பம் தெரிகிற இடத்துக்கு வந்து நிறுத்தினோம். பின்னால் வந்த லாரி ஒன்று அந்த இடுக்கையும் அடைத்துக்கொண்டது. முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறதாம். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது.

"நைனா, இது இப்போதைக்கு நவுராது" என்றான் ஆட்டோக்காரன்.

"நவுர வாணாம்" என்றார் இவர். விரால் அடிப்பான் கம்பத்தில் உட்கார்ந்திருந்தது, காலுக்கடியில் மீன். அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு களை.

துண்டு வந்தது, லென்சு வந்தது. லாரிகள் என்ஜினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வு ரோட்டிலிருந்து என் கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து நின்றது. நான் மூச்சு விட்டேன், பிடித்தேன். தடதடவென்று சத்தம். மறுபடி விட்டேன், பிடித்தேன். மூச்சை மட்டும் பிடித்தால் போதாது என்கிற நிலைமை கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டது.

நான் மெதுவாகச் சொன்னேன். "ஏங்க, நான் ஒதுங்கணும்."

"ஒதுங்க வாணாம்மே. லாரி எதுவும் வர்ல, எல்லாம் நின்னுகினுதான் கீது. அப்டியே நில்லு."

இன்னொரு தடவை சொன்னேன். "இல்லீங்க, கொஞ்சம் ஒதுங்கிட்டு வந்துடறேனே."

"எனக்கு எடம் பத்துது. நீ நின்ன மாரியே நில்லு, சோக்கா கீது."

வேறு வார்த்தை இல்லாமல் இல்லை. சின்னப் பிள்ளைகள் ரோட்டில் சத்தமாகச் சொல்கிற வார்த்தைகள்தான். ஆனால் நான் என் வாழ்நாளில் ஒரு ஆம்பளை காது கேட்க அதையெல்லாம் சொன்னதில்லை, கட்டினவராகவே இருந்தாலும். பக்கத்தில் ஆட்டோக்காரன் வேறு. லாரிக்காரர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக இறங்கி டயர் மறைவில் நின்றுவிட்டு, கைலியை உதறிக்கொண்டு ஏறினார்கள். அவர்களுக்கு ஒரு டயர் போதும்.

ரோட்டிலிருந்து சரிவு இறங்கினால் வேலிக்காத்தான் புதர். அதன் பின்னால் போய்விட்டால் ரோட்டுப் பக்கம் மறைந்துவிடும். அந்தப் பக்கம் தண்ணீர்தான், வெட்டவெளி, அக்கரைவரைக்கும் ஆள் கிடையாது. அவர் எடுத்து முடித்ததும் ஒரு நிமிஷத்தில் இறங்கி ஏறிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. அவருக்குக் காதில் வைத்துக்கொள்ள முடியாது, கையில் லென்சு. ஸ்பீக்கரில் போட்டார். அக்கரையிலிருந்து கூட்டாளி.

"அண்ணே, உங்களத்தான் பாத்துகினு கீறோம். ஆட்டோ நம்பர் படிக்கட்டா?"

"எங்கடா கீறீங்க?"

"நேர் எதுர்ல. பறவ நடுவுல, நீங்க அந்தாண்ட, நாங்க இந்தாண்ட. எல்லாருமே ஒட்டுப் போட்டுகினு குந்தினு கீறோம். அண்ணி சால்வைக்குக் கீழ பொடவையில பூவுகூட தெரியுது. வெள்ளப் பூவுதானே?"

அவர் சிரித்தார். "வெள்ளப் பூவாமே?" என்று என்னைக் கேட்டார். சால்வையை இழுத்து விட்டுக்கொண்டேன். அந்த இறால் பிடிக்கிற பெண்ணின் ஊக்கு என் கண் முன்னால் வந்து நின்றது.

ரோட்டுப் பக்கம் லாரிக்காரர்கள். தண்ணீர்ப் பக்கம் வரிசையாக லென்சுகள், எல்லாம் ஒட்டுப் போட்டு, அந்தப் புதர் இருக்கிற கரையை நேராகப் பார்த்துக்கொண்டு. நடுவில் நான், தோளில் ஒரு லென்சோடு.

பக்கத்து லாரி டிரைவர் மேற்கு மாவட்டத்துக்காரர். கேபினிலேயே அடுப்பு வைத்து டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். "பெரியம்மா, குடிங்க. கொஞ்சூண்டுதானுங்க." நான் தலையை ஆட்டினேன். "ஆடாதே" என்று பின்னாலிருந்து குரல். "சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கேனுங்க, பயப்படாமக் குடிங்க" என்று அந்த மனுஷர் டம்ளரை என் கையிலேயே வைத்துவிட்டுப் போனார். எதிரிலேயே கொட்ட முடியுமா? ஒரு கையால் பிடித்துக் குடித்தேன். சூடாக இறங்கிற்று. அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

சட்டென்று ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அவர் வாரம் தவறாமல் புலம்புகிற விஷயம்தான். வெயில் ஏற ஏறச் சேறும் கல்லும் காய்ந்து, தண்ணீருக்கு மேலே காற்று கொதிக்க ஆரம்பித்துவிடும். கானல். "நாம பறவைய மட்டுமா எட்க்கறோம், நடுவுல கீற காத்தையும் சேத்துதான் எட்க்கறோம். ஒட்டுப் போட்டா அந்தக் காத்தும் டபுளு" என்பார். கானல் ஏறிவிட்டால் எந்த லென்சாக இருந்தாலும் தூரத்தில் இருக்கிறது எல்லாம் கரைந்து ஓடும். கை ஆடாவிட்டாலும் படம் ஆடும். ஒட்டுப் போட்டவர் பாடு இன்னும் மோசம். "கானல் ஏறிட்ச்சு, மூட்ட கட்டு" என்று சொல்லித்தான் ஒவ்வொரு வாரமும் அவர் முடிப்பார்.

கம்பம் எங்களிடமிருந்து கொஞ்ச தூரம். அக்கரை அதைப்போலப் பல மடங்கு. அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு நடுவில் எவ்வளவு காற்று.

நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். இதற்கெல்லாமா வேண்டுவது என்று கூச்சமாகத்தான் இருந்தது. கானல் சீக்கிரம் ஏறட்டும் தாயே என்றேன். என் காதுக்குப் பின்னால் அவரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் கானல் வரக்கூடாது என்று அவர் வேண்டியிருப்பார். ஒரே தாயிடம் ரெண்டு பேரும்.

"கானல் ஏறிட்ச்சாங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லமே. டைம் கீது."

கொஞ்சம் பொறுத்து, "இப்ப?"

"இன்னாமே, இன்னிக்கு உனக்கு இவ்ளோ அக்கற? ஏறல. நல்லாதான் கீது."

சந்தோஷமாகத்தான் சொன்னார், பாவம். என் கண்ணை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எனக்கு எல்லா நாளும் கானல்தான். தூரத்தில் மின்சாரக் கோபுரங்கள், புகைபோக்கிகள், எல்லாம் எனக்கு விடியற்காலையிலேயே ஆடிக்கொண்டுதான் இருந்தன. வெயில் முதுகில் ஏறிற்று. கால் ரெண்டையும் சேர்த்து வைத்து நின்றேன். முட்டி வலித்தது, அதைக் கவனிக்க எனக்கு நேரம் இல்லை. உடம்பில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிற மாதிரி இருந்தது.

பூசைக்கு மணி அடித்திருப்பார்கள். அதை நினைக்கக்கூட மனசில் இடம் இல்லை.

"எட்த்த படத்தைக் காட்டுங்க" என்றேன்.

அவர் லென்சை நிமிர்த்தினார். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆட்டோவின் நிழலில் கேமராவைக் காட்டி, கையால் வெளிச்சத்தை மறைத்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் என் நல்ல கண்ணைக் கிட்டே கொண்டுபோனேன்.

பறவை எவ்வளவு பெரிசு. மார்பு வெள்ளை, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. இவ்வளவு நாளும் என் முன்னால் பொட்டாக இருந்தது இதுவா என்று எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஒரு நிமிஷம் வயிறுகூட மறந்துவிட்டது.

"இது காலைல எட்த்தது. பாரு, எங்க போயி ஷார்ப்பு விழுந்துகீது பாரு" என்று பெரிசாக்கினார். பறவையின் கண் கொஞ்சம் மங்கல். காலில் பிடித்திருந்த மீனின் கண் கண்ணாடி மாதிரி தெளிவாக விழுந்திருந்தது.

"நல்ல மடவை" என்றேன். "புதுசு."

"உன்ன மீன் வாங்கவா இட்டாந்தேன்?" என்று சிரித்தார். அப்புறம் தள்ளித் தள்ளிக் கடைசியாக எடுத்ததைக் காட்டினார். அதில் பறவைக்குக் கோடே இல்லை. கம்பம் நெளிந்திருந்தது. கண் இருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீரில் விழுந்த மாதிரி ஓடியிருந்தது.

அவர் முகம் விழுந்துவிட்டது. "போச்சுமே. ஏறிட்ச்சு கானலு."

"ஏறிட்ச்சா? நல்லாப் பாத்து சொல்லுங்க."

"பாக்க இன்னா கீது. அம்மாந்தூரத்துக்கு இனிமே ஒண்ணுமே நிக்காது."

நான் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சால்வையையும் ஆட்டோ சீட்டில் போட்டேன், முள்ளில் மாட்டும். "நான் ஒதுங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பதில் கேட்காமல் சரிவில் இறங்கினேன். "த, எங்கமே" என்று அவர் குரல் மேலே கேட்டது. கல்லைப் பிடித்து, வேலிக்காத்தான் கிளையைப் பிடித்து, உட்கார்ந்து நகர்ந்து இறங்கினேன். கையில் முள் ஏறியது. புதருக்குப் பின்னால் வந்தேன். எதிரே அவ்வளவு பெரிய வெளி. அக்கரை ஒரு சாம்பல் கோடு. அந்தக் கோட்டில் எங்கேயோ அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

உட்கார்ந்தேன்.

அதே நேரம் கம்பத்திலிருந்து பறவை எழும்பியது. நான் இறங்கின சலசலப்பில்தான் எழும்பியிருக்கும். மீனைத் தூக்கிக்கொண்டு, தாழ்வாக, நான் இருந்த கரையை ஒட்டியே பறந்தது. பறவை எழுந்தால் அக்கரையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அத்தனை லென்சும் ஒன்றாகத் திரும்பும். அத்தனை தையல் மிஷினும் ஓடும். அது போகிற வழியெல்லாம் கூடவே வரும். இப்போது என் மேல் வந்திருக்கும். இப்போது.

எழுந்திருக்க முடியாது, நிறுத்தவும் முடியாது. புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, தலையை முட்டியில் வைத்து, அசையாமல் இருந்தேன். டீச்சர் கேள்வி கேட்க ஆள் தேடுகிறார்கள். கானல் ஏறிவிட்டது, கானல் ஏறிவிட்டது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சரிவு ஏறி வரும்போது ஆட்டோக்காரன் வந்து கை கொடுத்தான். எங்கள் வீட்டுக்காரர் துண்டை ஆட்டோ கூரைமேல் போட்டு, லென்சை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்கமே போன? பறவ பறந்துட்ச்சு, நீ இல்ல."

நான் கையிலிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரன்தான் சொன்னான். "இன்னா நைனா நீ. ஆயா எம்மா நேரமா ஒதுங்கணும் ஒதுங்கணும்னு கேட்டுகினு கீது. எனக்கே புரிஞ்சு நான் அந்தாண்ட திரும்பி குந்தினு கீறேன். நீ இன்னாடான்னா எடம் பத்துதுன்ற."

அவர் என்னைப் பார்த்தார். நான் பறவை போன திசையைப் பார்த்தேன். லென்சைக் கழற்றி, ஒட்டைக் கழற்றி, மூடி போட்டு, பையில் வைத்தார். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். லாரிகள் நகர வெகுநேரம் ஆயிற்று. பூசை தவறிவிட்டது.

சாயங்காலம் அவர்கள் குரூப்பில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் காதுக்குக் கேட்கட்டும் என்று அவர் சத்தமாகத்தான் படிப்பார்.

"ஒருத்தன் அது பறந்தப்ப எட்த்து போட்டுகிறான். எல்லாம் கானல். வேஸ்ட்டு." போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்புறம், "ஓரத்துல கத்திரிப்பூ கலர்ல அது இன்னா, ஆகாயத்தாமரையான்னு ஒருத்தன் கேக்கறான். உப்புத்தண்ணில ஆகாயத்தாமர ஏதுடான்னு இன்னொருத்தன்."

என் கை நின்றுவிட்டது. அவர் போனை என்னிடம் நீட்டினார். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கரைந்துபோன ஒரு பறவை. அதற்குப் பின்னால் பச்சையாக ஒரு குழப்பம். அந்தப் பச்சைக்குக் கீழே, விரல் நகம் அளவுக்கு, கத்திரிப்பூ நிறத்தில் ஒரு தீற்றல். மனுஷி என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைப் பூ ஒன்றுகூட இல்லை.

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, நடுங்குகிற விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஏதோ அடித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. அடித்து முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டினார். "ஆகாயத்தாமரைதான். ஆத்துலேர்ந்து அடிச்சிகினு வந்துருக்கும்."

அதற்கு மேல் குரூப்பில் யாரும் கேட்கவில்லை. வயசில் பெரியவர் சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்கள். எடுத்தவரே அந்தப் படத்தை அழித்துவிட்டார், கண்ணும் இல்லை, கோடும் இல்லை என்று. எங்கள் வீட்டுப் போனில் மட்டும் இருக்கிறது. எப்படி அழிப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் அவர் கிளம்பத் தயாராகிவிட்டார். நான் மண் நிறப் புடவையைக் கட்டினேன். ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. மாத்திரையை அவர் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் துண்டை நாலாக மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒதுங்கிட்டு வந்துட்டியாமே?"

"ம்" என்றேன்.

ஒட்டை எடுத்து வைத்தேனா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.